மறு வருஷம் நாங்கள் வருகிறோம்

அலபாமாவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு வெண்டல் டிட்வெல்தான் தலைவர். ஃபுட்பால் அணி யாரோடு, எந்தச் சனிக்கிழமை மோதுவது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. சொந்தக் கூட்டமைப்பில் இருக்கும் கல்லூரிகளோடு ஆடும் ஆட்டங்கள் தாமாகவே வந்துவிடும். வேறு கூட்டமைப்பிலிருந்து ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு: இந்த வருஷம் நீ என் மைதானத்துக்கு வா, மறு வருஷம் நான் உன் மைதானத்துக்கு வருகிறேன்.

அந்த வாக்கை நம்பித்தான் கான்சாஸிலிருந்து ஓரின் ஸ்டக்கி போன செப்டம்பரில் தன் அணியைக் கூட்டி வந்தார். அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் அவருக்கும் இதே வேலை. படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். வந்த பிள்ளைகள் வெண்டலின் அணியைத் திணறடித்துவிட்டார்கள். அவர்களுடைய கடைசி உதை கம்பத்தில் பட்டுத் தெறித்ததால் வெண்டல் பக்கத்துக்கு மானம் தப்பியது.

இப்போது திரும்பப் போக வேண்டிய முறை. பயிற்சியாளர் கேரிட்டி வெண்டலின் அறைக்கு வந்தார். அங்கே போய்த் தோற்றால் இறுதிச் சுற்றை மறந்துவிட வேண்டியதுதான், ஏதாவது காரணம் சொல்லிக் கழற்றிவிடுங்கள் என்றார். வெண்டல் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

ஓரினுக்குப் போன் போட்டு, கூட்டமைப்பில் புதிதாக ஓர் ஆட்டம் சேர்த்துவிட்டார்கள், சனிக்கிழமை எதுவும் காலி இல்லை என்று அளந்தார். ஓரினும் அதே தொழிலில் ஊறியவர். பெரிய அணி வருகிறதென்று ஊரில் தங்கும் அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, வருகிற கூட்டத்துக்கு இறைச்சி சுட்டுப் போடுவது யார் என்று இரண்டு தேவாலயக்காரர்கள் சண்டைகூடப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு நேராகவே கேட்டார்.

"டேய், உண்மையச் சொல்லு. தோத்துருவோம்னு பயமா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லடா."

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பின்வாங்கியது நாங்கள்தான் என்று தெரிந்தால் பத்திரிகைக்காரர்கள் கிழித்துவிடுவார்கள் என்று இழுத்த வெண்டல், கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுன்னு போட்டுக்கலாமாடா?"

"போட்டுக்கோ," என்றார் ஓரின். "எவன் கேட்டாலும் நான் வாயத் திறக்க மாட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது."

நாலு வசவு வைதிருந்தால் வெண்டலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செய்தி அப்படியே வெளிவந்தது; சின்னக் கல்லூரிதான் பயந்து பின்வாங்கியிருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. அடுத்த வாரம், கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும் பெரிய மனிதர்களுக்குக் காலை விருந்து. கார் வியாபாரி ஹாய்ட் புருவிட் அங்கே பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"கான்சாஸ்காரன் நம்ம கால்ல விழுந்து ஆட்டத்த ரத்து பண்ணிக்கிட்டானாமே? பயந்தாங்கொள்ளி. அவன வேலைய விட்டுத் தூக்குங்கன்னு அவன் ஊர்க்காரங்களே கத்துறாங்களாம். நீங்க சொல்லுங்க டிட்வெல், அவன்தான பயந்தான்?"

மேசை முழுக்க வெண்டலைப் பார்த்தது. கேரிட்டி தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, பயந்தது நாங்கள்தான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"விடுங்க, பாவம்," என்றார் வெண்டல். "அவனும்தான் என்ன செய்வான்."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் மற்றவர்கள் நிறுத்தும்வரை அவர் நிறுத்தவில்லை.