நல்லாயிருக்கேன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கண் விழித்தபோது மூக்கு எரிந்தது. பக்கத்தில் மச்சான், செத்துப்போன மனைவியின் அண்ணன், அவனுடைய ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னொண்ணு எங்கே மச்சான்?"

"அதுதான் இப்போ கவலையா மாப்ள? மூச்சு நின்னு கிடந்தே. மூக்குல மருந்தடிச்சு எழுப்பியிருக்காங்க."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவியின் வலிக்கு வாங்கிய மாத்திரைகளில் மிச்சத்தைத் தூக்கம் வரட்டும் என்று தொட்டவன். தீர்ந்ததும் வெளியே வாங்கத் தொடங்கினான். அதுவரை நினைவிருந்தது. வீட்டில் இன்னும் கொஞ்சம் இருப்பதும் நினைவிருந்தது.

நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் ஒரு மாத்திரையோடு வந்தாள்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாயிருக்கேன்."

கிண்ணத்தை அப்படியே திரும்ப எடுத்துப் போய்விட்டாள்.

"ஏன் மச்சான் கொண்டுபோறாங்க?"

"நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்?"

சற்று நேரத்தில் உடம்பு முறுக்கத் தொடங்கியது. வியர்த்தது, குளிரவும் செய்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். திரைக்கு வெளியிலிருந்தே நர்ஸ் கேட்டாள்.

"இப்போ எப்படி?"

"நல்லாயிருக்கேன்."

வாய் தானாகச் சொன்னது. மனைவி செத்த பிறகு மாடிப்படியில், அலுவலகத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில்.

கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனான். "வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுல என்ன இருக்கு?" மச்சான் அவன் கையை அழுத்திப் பிடித்தான். "சொல்லு. என்ன இருக்கு?"

சத்தம் கேட்டு டாக்டர் அந்தக் கிண்ணத்தோடு வந்தாள். "இது அந்த வலி மாத்திரைப் பழக்கத்தை நிறுத்தக் குடுக்கிற மாத்திரை. பழைய மருந்து இறங்கி உடம்பு படுத்தணும், அப்புறம்தான் குடுக்கலாம். முன்னாடியே குடுத்தா இன்னும் மோசமாகும். நீங்க நல்லாயிருக்கேன்னா நான் எப்படிக் குடுப்பேன்?"

கஷ்டப்பட்டால்தான் மருந்தா? தலைகால் புரியவில்லை.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா... நல்லாயில்ல."

மச்சான் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் போர்வையை விலக்கினாள். கண்மணியைப் பார்த்தாள், நடுங்கும் கையைப் பார்த்தாள். மாத்திரை நாக்குக்கு அடியில் போனது.

"முழுங்காதீங்க. கரையுறவரைக்கும் பேசாதீங்க."

"நல்ல நேரம் பார்த்து வாயை மூடிட்டாங்களே!" மச்சான் மூக்கை உறிஞ்சினான். "நாளைக்கும் வரணுமாம் மாப்ள. வருவியா?"

வாய் திறக்க முடியவில்லை. போர்வைக்கு வெளியே வெறுங்காலை நீட்டிக் காட்டினான்.

"சரி, சரி. புதுசு வாங்கித் தர்றேன்."