புள்ளி நகர்ந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை, கனகதாஸ் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது அவருடைய ஃபோனுக்கு அந்தச் செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்தார். ஆங்கிலம். ஒன்றும் பிடிபடவில்லை.

"ரெஷ்மா, இஞ்ச வந்து இது என்னதுண்ணு பாரு மக்கா. பேங்குக்காரனுக்க எழவா இருக்கும்."

மருமகள் கை ஈரத்தை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள். பேங்கு இல்லை. ஷிஜு ஆபத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறான், அவன் அவசரத் தொடர்புக்குக் கொடுத்த எண் இது, விரைவில் கூப்பிடுவோம், லைனைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான். கீழே ஒரு இணைப்பு இருந்தது. தொட்டாள்.

திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

சாலை இல்லை, வீடு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினாள். வெள்ளைதான். இன்னும் சுருக்கினாள். இங்கே கேரள எல்லையில் வெள்ளறடையிலிருந்து பாறசாலைக்குப் பஸ்ஸில் போனால் வீடும் கடையும் கோயிலும் ரப்பரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். மூச்சுவிட இடம் இருக்காது. உலகத்தில் இத்தனை பெரிய இடத்தை ஆளே இல்லாமல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அதற்கு நடுவில், ஒரு புள்ளியாக, அவள் புருஷன்.

ஷிஜு கனடாவின் மேற்கு மலைப்பக்கம் ஒரு ஸ்னோமொபைல் பட்டறையில் மெக்கானிக். பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ஒரு பட்டை. நேற்று நம்மூரில் ராச்சாப்பாட்டு நேரம், அவனுக்கு விடியற்காலை, புறப்படுவதற்கு முன் வீடியோவில் வந்தான். ஹெல்மெட், கம்பளிமேல் கம்பளி, முதுகில் ஒரு பை; பனி சரிந்து வந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், பை பலூனாக ஊதி ஆளை மேலே மிதக்க வைக்கும் என்றான். நெஞ்சில் வார் போட்டுக் கட்டிய ஒரு கருவி. புதைந்துபோனால் தேடி வருகிறவனுடைய கருவிக்கு அது இடத்தைச் சொல்லும். மடக்கு மண்வெட்டி. குத்திப் பார்க்க நீளமாக விரியும் கம்பி.

"கல்யாணத்துக்குக்கூட ஒனக்கு இம்புட்டு உடுப்பு போடல்லியேலே," என்றார் கனகதாஸ். "சவப்பெட்டிக்காரனுக்கு வேலையே வைக்காம நீயே எல்லாம் கெட்டிட்டுப் போற."

கடைசியாக ஒரு சோப்புக்கட்டி அளவுக் கருவியைக் காட்டினான். டவர் இல்லாத இடத்தில் அது நேராக வானத்தோடு பேசும். காட்டிவிட்டு அதை வண்டியின் கைப்பிடியில் மாட்டினான். இங்கே சந்தையிலிருந்து வருகிறவன் மரச்சீனிக் கிழங்குப் பையைப் பைக்கில் மாட்டுவானே, அதே மாதிரி.

"அத உடம்புல கெட்டும்," என்றாள் ரெஷ்மா.

"சும்மா இரு பிள்ளே. கைக்கு எட்டுத இடத்துல இருக்கட்டும்."

கூட வருவதாக இருந்தவன் காய்ச்சல் என்று நின்றுவிட்டான். இருக்கிற ஒரு லீவை விட மனமில்லாமல் ஷிஜு தனியாகப் போனான். இப்போது அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும்.

அவசரத் தொடர்புக்கு அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரேஷன் கார்டோ, கேஸ் கனெக்ஷனோ, பாஸ்போர்ட்டோ, அந்த வீட்டில் எந்தக் காகிதம் கேட்டாலும் கனகதாஸின் எண்தான். அவர் ஊர்த் திருச்சபையின் செயலரும்கூட. ஆகவே ஆரியங்கோடு வரைக்கும் சபையார் எல்லோருடைய ஃபோனிலும் அந்த எண் உண்டு.

விஷயம் காதில் விழுந்ததும் அவர் மனைவி விமலகுமாரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுந்ததும் செய்த முதல் வேலை, பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸாப்பில் குரல் அனுப்பியது. "எனக்க மவன் பனிக்குள்ள கெடக்கான். எல்லாரும் செபியுங்கோ."

அவர்கள் செபித்தார்கள். ஃபோன் போட்டுச் செபித்தார்கள்.

முதலில் தங்கபாய். கனகதாஸ் எடுத்ததும் 'ஸ்தோத்திரம்' என்று தொடங்கி ஆமென் வரைக்கும் நிறுத்தாமல் போனாள். அவள் வைத்த நொடியில் ஞானசிகாமணி. அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஆபிரகாமிலிருந்து தொடங்கினார். கனகதாஸ் கண்ணை மூடி, நுரை காய்ந்த கன்னத்தோடு, தலையைக் குனிந்து நின்றார். ஃபோன் காதில் டுக் டுக் என்றது. இன்னொரு அழைப்பு காத்திருந்தது. ரெஷ்மா எட்டிப் பார்த்தாள். பிளஸ் ஒன்று என்று தொடங்கும் நீள எண், வெளிநாட்டிலிருந்து.

"மாமா, அவிய கூப்பிடினும்! வாத்தியார கட் பண்ணும்!"

கனகதாஸ் கண்ணைத் திறக்காமல் கையால் சைகை காட்டினார். வாத்தியார் அப்போதுதான் மோசேயைச் செங்கடலுக்குக் கொண்டுவந்திருந்தார். நீள எண் அடித்து ஓய்ந்தது.

"செபத்துக்க எடையில எப்பிடி மக்கா கட் பண்ணது?" என்றார், ஆமென் சொன்ன பிறகு. தவறு அவருக்கும் தெரிந்தது. ஆனால் அடுத்த முறையும் அவரால் முடியாது என்பதும் தெரிந்தது. அறுபது வருஷத்தில் ஒரு செபத்தையும் அவர் நடுவில் வெட்டியதில்லை.

ரெஷ்மா ஃபோனைப் பிடுங்கி அந்த எண்ணைத் திருப்பி அழைத்தாள். அந்த ரீசார்ஜில் வெளிநாட்டு அழைப்பு கிடையாது என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. யாரும் கூப்பிட வேண்டாம் என்று வாட்ஸாப்பில் எழுதிப் போட்டாள். அதற்கு மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஏன் கூப்பிடக் கூடாது, பையனுக்கு வல்ல ஆபத்தும் ஆயிட்டா என்று கேட்டார்கள். அவர்களில் ஆனந்தபாயைப் பேசவிடாமல் வெட்டினாள். அவள் உடனே மறுபடி அழைத்தாள். லைன் கட்டாயிட்டு மக்களே, எங்க விட்டேன் என்றாள்.

ரெஷ்மா பொழியூர்க்காரி, கடலோரத்துக் கத்தோலிக்க வீடு. "எங்க கடப்புறத்துல, கடலுக்குப் போன போட்டு திரும்பி வராத வீட்டுக்கு ஒருத்தரும் ஃபோன் போட மாட்டாவ மாமி. நடந்து வருவாவ. வந்து முத்தத்துல நிப்பாவ. ஃபோன் அவியளுக்கு உள்ளதாக்கும், கடல்ல கெடக்கவங்களுக்கு."

"செபத்த நிறுத்தச் சொல்லுதியா நீ?" விமலகுமாரியின் குரல் கிழிந்தது. "எனக்க பிள்ள சாவக் கெடக்கான். ஒனக்கு மாதாவும் மெழுகுதிரியும். எங்களுக்கு இதுதான் உண்டு."

"நிறுத்தாண்டாம். கோயில்ல போய்ச் செபியுங்கோ. மாமி, கோயிலுக்குள்ள ஏறினா எல்லாரும் ஃபோன அணைப்பினும் இல்லியா?"

விமலகுமாரி அவளையே பார்த்தாள்.

அணைப்பார்கள். ஒரு தடவை திருவிருந்து நேரத்தில் யாருடைய பையிலோ சினிமாப் பாட்டு அடித்ததும் போதகர் அப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று முதல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஃபோனையும் அணைத்துவிடுவார்கள்.

"ஆராதனைக்கு இன்னும் நேரம் கெடக்கே."

"இப்பமே மணி அடிக்கச் சொல்லும்."

"அப்பம் எனக்கும் ஒண்ணும் தெரியாதே பிள்ளே," என்றாள் விமலகுமாரி, மெதுவாக. "உள்ள இருந்தா எனக்கும் ஃபோன் இல்லியே. அவன் இருக்கானா இல்லியாண்ணு..."

அவள் உள்ளே போய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு, வேதப்புத்தகத்தை எடுத்து, தலைகூடச் சீவாமல் ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கினாள். சற்று நேரத்தில் மேட்டுக் கோயிலில் மணி அடித்தது. வழக்கமான இழுப்பு இல்லை. தீப்பிடித்த வீட்டில் அடிக்கிற மாதிரி அடித்தது. அடிப்பது அவளேதான் என்று கனகதாஸுக்குத் தெரிந்துவிட்டது.

அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றன. முதல் பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்தபோது ஃபோன் கல் மாதிரி மேசையில் கிடந்தது. ஒரு சபை முழுவதும் ஃபோனை அணைத்து ஒரு லைனைக் காலியாக விட்டிருந்தது. ரெஷ்மாவுக்கு அது பயமாக இருந்தது.

நீள எண் அடித்தது.

பேசியவள் மீட்பு மையத்துப் பெண் ஒருத்தி. அவள் குரல் அடுத்த வீட்டு மதிலுக்கு அப்பால் நிற்கிறவளுடையது போல அத்தனை தெளிவாக இருந்தது. ரெஷ்மா முன்பு பாறசாலையில் மருந்துக்கடையில் நின்றவள். ஆங்கிலம் நிதானமாக வரும். அவள் நிதானத்துக்கு அந்தப் பெண்ணும் இறங்கி வந்தாள்.

ஆபத்துப் பொத்தானை அழுத்திய பிறகு ஷிஜு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான். கால் முறிந்தது, வண்டி சரிவில் சாய்ந்து கிடக்கிறது. பதில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் புள்ளி நகர்ந்தது. நேர் கீழே, வேகமாக, ஒரு பள்ளத்துக்குள். அங்கே நின்றுவிட்டது. பனி சரிந்து இழுத்துப் போயிருக்க வேண்டும்.

இருட்டிவிட்டது, காற்று அதிகம், ஹெலிகாப்டர் ஏற முடியாது. தேடப் போவது ஒரே ஒரு குழு, அதுவும் பனிவண்டியில். பள்ளத்துக்குப் போகும் வழி ஒரு பள்ளத்தாக்கு. பொத்தானை அழுத்திய மேட்டுக்குப் போகும் வழி வேறு பள்ளத்தாக்கு. ஒன்றில் இறங்கிவிட்டு மற்றதற்கு வருவதற்குள் குளிர் ஆளை முடித்துவிடும். ஆகவே ஒரு கேள்வி, என்றாள் அந்தப் பெண். செய்தி அனுப்பிய கருவி அவர் உடம்பில் இருந்ததா, வண்டியில் இருந்ததா?

ரெஷ்மா அந்த வீடியோவை மனதில் திரும்ப ஓட்டினாள்.

நேற்று பார்த்தாள், கைப்பிடியில். ஆனால் அதற்குப் பிறகு? உடம்புல கெட்டும் என்று அவள் சொன்னாளே. வழியில் எங்காவது நிறுத்தி, அவள் சொன்னதை நினைத்து, எடுத்து நெஞ்சில் மாட்டியிருந்தால்? அப்படியானால் அவன் பள்ளத்தில் இருக்கிறான்; மேட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவளே அவனைக் கொன்றவள் ஆவாள்.

யோசித்தாள். கேஸ் அடுப்பை அணைக்கச் சொன்னால் கேட்டானா. ஹெல்மெட் போடாமல் நெய்யாற்றின்கரை போகாதே என்றால் கேட்டானா. சீட்டு போடாதே, குளிரில் போய் வேலைக்குச் சேராதே, ஒன்றையாவது கேட்டானா. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் சொன்னதை அந்த ஆள் ஒரு தடவையும் செய்ததில்லை. அதை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். இன்று அதன்மேல் காலை ஊன்றி நின்றாள்.

"வண்டியில். கைப்பிடியில் மாட்டியிருந்தார்."

உறுதியா?

"உறுதி. நான் கழற்றச் சொன்னேன். கழற்றியிருக்க மாட்டார்."

அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனாள். நெஞ்சில் கட்டும் கருவி? அது உடம்பில்தான் இருந்தது என்றாள் ரெஷ்மா. வார் போட்டே வருவதால் அதை எங்கேயும் தொங்கவிட அவனால் முடியாது. ஆள் தனியாகத்தான் போனார். வேறு நோய் இல்லை.

மேட்டுக்கு அனுப்புகிறோம், என்றாள் அந்தப் பெண்.

பிறகு காத்திருப்பு. ரெஷ்மா வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். சிவப்புப் புள்ளி பள்ளத்தில் கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை. அதற்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெள்ளையைப் பார்த்தாள். ஒரு கருவியும் காட்டாத இடத்தில் ஒரு ஆள் இருக்கிறான் என்று அவள் சொல்லியிருக்கிறாள்; அந்த ஒரு சொல்லை நம்பி, முகம் தெரியாத மனிதர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

கனகதாஸ் திடீரென்று தலையைத் தூக்கினார்.

"ஆசீர்வாதம் சொல்லியாச்சே."

கோயிலில் ஆராதனை முடிந்துவிட்டது. இனி வெளியே வருவார்கள், செருப்பு போடுவார்கள், ஃபோனைத் திறப்பார்கள். இருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

ஆனால் இன்னொரு பாட்டு எழுந்தது. ஒலிபெருக்கியில் விமலகுமாரியின் குரல், தனியாக, சுருதி இல்லாமல். இரண்டாவது அடியில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். மூன்றாவதில் சபை முழுவதும். அது முடிந்ததும் மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் அடுத்தது.

"அவ மைக்கப் பிடிச்சாச்சு," என்றார் கனகதாஸ். "போதகரய்யாவுக்குச் சுகர் உண்டு. ஞானசிகாமணி வாத்தியாருக்கும் உண்டு. ஒருத்தரையும் வெளிய விட மாட்டா."

பாட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. கிறிஸ்மஸ் பாட்டு, அடக்கப் பாட்டு, ஞாயிறு பள்ளிப் பாட்டு, என்ன நினைவுக்கு வந்ததோ அது. குரல்கள் கம்மின, உடைந்தன, நிற்கவில்லை. பசித்த வயிறோடு அத்தனை பேரும் அணைத்த ஃபோன்களை மடியில் வைத்துக்கொண்டு பாடினார்கள்.

இரண்டாவது அழைப்பு வேறொரு எண். ஆண் குரல், மலையடிவாரத்தில் குழுவோடு ரேடியோவில் இருப்பவர். கிடைத்துவிட்டார், என்றார். மேட்டில், ஒரு மரத்தடியில், இடுப்புவரை பனிக்குள். நெஞ்சுக்கருவிதான் கடைசியில் காட்டியது. உயிர் இருக்கிறது. கால் மோசம், சில விரல்கள் போகலாம். ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், எங்களுக்குப் புரியவில்லை, கேளுங்கள்.

ரேடியோவை ஃபோனின் பக்கத்தில் வைத்தார். முதலில் காற்று. அப்படியொரு காற்றை அவள் கடலில்கூடக் கேட்டதில்லை. உலகம் உண்டாவதற்கு முன்னிருந்தே அடிக்கிற காற்று மாதிரி. அதற்குள் இன்ஜின் சத்தம், ஆட்கள். அதற்குள்ளிருந்து,

"கால விடுலே! எலே, சவமே, கால விடு! நோவுதுலே!"

கனகதாஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன சொல்கிறார், என்று கேட்டார் அந்த மனிதர்.

"நன்றி சொல்கிறார்," என்றாள் ரெஷ்மா.

பரவாயில்லை என்று சொல்லுங்கள், என்றார் அவர்.

ஃபோனை வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இதைக் கோயிலுக்குச் சொல்ல ஃபோன் கிடையாது. அங்கே எல்லாம் அணைந்து கிடக்கின்றன. கனகதாஸ் பாதி சவரம் செய்த முகத்தோடு, செருப்பில்லாமல், குறுக்குவழியில் இறங்கினார். முதலில் நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ரெஷ்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெளுத்த வானம், ஒரு காக்காய்கூட இல்லை. அதில் எங்கோ ஒரு பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவன் அங்கே அழுத்திய பொத்தானை அது இங்கே கொண்டுவந்து போட்டது. எவ்வளவு பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

மேட்டுக் கோயிலில் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. மாமா வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.