குதிரை இழுத்த வலி

உம்மாவின் இடது தோளில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வரவில்லை. ஆஸியா நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். தோலும் சேர்ந்து எழும்பியது.

“பைய எடுட்டி,” என்றாள் செய்தம்மாள் மாமி. “உசுரு போனாலும் மையத்துக்கு வலிக்கும். எண்ணெய் தொட்டுக்கோ.”

“இப்ப வலிக்குமா மாமி?”

மாமி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். தாராவியில் அவர்கள் சந்தில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்ட வருபவள் அவள்தான். பள்ளிவாசலிலிருந்து வந்த பலகை அறையில் பாதியை அடைத்திருந்தது. கால்மாடு, மூலையில் குளிக்கிற இடமான மோரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டுமுன் உடம்பில் ஒட்டியிருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் படாத இடம் இருக்கக் கூடாது.

பிளாஸ்திரி இரண்டு. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. துணி மாதிரி மெல்லிசு, ஓரத்தில் புரியாத பாஷையில் எழுத்து. இந்த வீட்டில் வாங்குவது பத்து ரூபாய்த் தைலம். இது ஸ்மிதா மேடம் ஒட்டியது.

உம்மா நூர் நிஷா பதினோரு வருடமாக, தானேயில் ரயில் மாறி, ஐரோலிக்கு அப்பால் இருந்த ஸ்மிதாவின் குதிரை லாயத்துக்குப் போய்வந்தாள். லத்தி அள்ளத்தான் போனாள். யாரையும் கிட்டே விடாத குதிரை ஒன்று அவள் கை பட்டதும் அடங்கியதை ஸ்மிதா பார்த்துவிட்டாள். அதன்பிறகு ஸ்மிதா வெளிநாடு போய் ஒரு படிப்புப் படித்து சர்டிபிகேட்டோடு வந்தாள். படிப்பின் பெயர் நீளம். வேலை சின்னது. குதிரையின் மேல் கையை வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அது வாயை மென்று, நீளமாக மூச்சு விடும் வரை அப்படியே நிற்க வேண்டும். பிறகு குதிரைக்காரரை உட்காரவைத்து அவருக்கும் அதையே செய்ய வேண்டும். ஏறுகிறவருக்கு இடது இடுப்பு வலித்தால் அவர் வலப்பக்கம் சாய்வார், குதிரைக்கு வலது தோள் பிடித்துக்கொள்ளும், ஒருத்தரை மட்டும் பார்த்துப் புண்ணியமில்லை என்பாள் உம்மா. வாசல் போர்டில் இருந்தது ஸ்மிதாவின் பெயர். கை உம்மாவுடையது.

இன்று காலை சுபுஹு பாங்கு கேட்டு எழுந்தவள் மோரிக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். தெருமுனை டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஹார்ட் என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

“தோள்தான் வலின்னா, டாக்டர்,” என்றார் வாப்பா. “நாலு நாளா. குதிரை இழுத்த வலி.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்குப் போன முதல் வருடம் ஒரு குதிரை கயிற்றை வெட்டி இழுத்ததில் உம்மாவுக்கு ஒரு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. அப்போது வந்த பேச்சு. பிறகு இடுப்பு, முழங்கால், எது வலித்தாலும் அதே பெயர்தான். கடைவாய்ப் பல் வீங்கியபோதும் வாப்பா, “குதிரை இழுத்திருக்கும்,” என்றார். வீங்கிய கன்னத்தோடு உம்மா சிரித்தாள்.

இரண்டாவது பிளாஸ்திரி வந்தபோது வாசலில் கட்டியிருந்த சேலைக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் குரல் கேட்டது.

“ஆஸியா. ஸ்மிதா மேடம் வந்திருக்காவ. முகம் பாக்கணுமாம்.”

“இப்ப முடியாதுன்னு சொல்லுங்க.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காவம்மா.”

“அவங்க வீடு மாட்டுங்காதானே. அங்கேர்ந்து தாராவி தூரமா வாப்பா? பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்.”

எண்ணெய்க் கையோடு சேலையை விலக்கி வெளியே வந்தாள். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய சந்து அது. இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்மிதா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அது நழுவி நழுவி விழுந்தது. கண் வீங்கியிருந்தது. அந்த வீக்கம் ஆஸியாவுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

“ஆஸியா, ஒரு நிமிஷம்மா. கடைசியா ஒரு தடவை கை வெச்சுட்டுப் போயிடறேன். குதிரை போனாகூட நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் பண்ணுவோம்.”

“எங்க உம்மா குதிரை இல்ல.”

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை.”

“நேத்து எங்க கை வச்சீங்க?”

ஸ்மிதா ஒருமுறை வாப்பாவைப் பார்த்தாள். “இடது தோள்ல. ரொம்ப டைட்டா இருந்தது. முக்கால் மணி நேரம் பண்ணினேன். கண்ணை மூடிண்டு படுத்துண்டிருந்தா. விட்டுடுத்துன்னு நெனைச்சேன்.”

“வேர்த்துச்சா?”

“வேர்த்தது.”

“வேர்த்தா வலி விட்டுருச்சுன்னு உங்க கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்களோ?”

சந்தில் ஓதிக்கொண்டிருந்த குரல் ஒன்று நின்றது.

“ஆஸியா,” என்றார் வாப்பா.

“நீங்க சும்மா இருங்க. இடது தோள், வேர்வை. பத்தாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும் அது என்னன்னு. அங்க குதிரைக்கு வயிறு உப்புனா ராத்திரின்னுகூடப் பாக்காம டாக்டர் வாறாரு. உம்மாதான் வந்து சொல்லுவா. உம்மாவுக்கு மட்டும் பிளாஸ்திரி.”

ஸ்மிதாவின் துப்பட்டா மறுபடி விழுந்தது. இந்தத் தடவை அவள் எடுத்துப் போடவில்லை.

“டாக்டர்கிட்ட போலாம், கார்லயே கொண்டு விடறேன்னு சொன்னேம்மா. வேண்டாம்னுட்டா.”

“வேண்டாம்னா விட்டுருவீங்களா?”

“‘என் பொண்ணு சயின்ஸ் படிச்சவ. அவ பாத்துட்டா. குதிரை இழுத்த வலிதான்னு சொல்லிட்டா’ன்னா.”

குத்திக் காட்டும் குரல் இல்லை. கேட்டதைச் சொல்லும் குரல். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று ஸ்மிதாவின் முகத்தில் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆஸியா லேப்டாப்பில் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் நெட் போய்விடும் என்ற பயம். “ஏட்டி, இந்தத் தோளைக் கொஞ்சம் பாரேன்,” என்றாள் பின்னாலிருந்து உம்மா. ஆஸியா திரும்பவில்லை. “குதிரை இழுத்திருக்கும். போயிப் படுங்க,” என்றாள்.

நான் பார்க்கவில்லை. இப்போது அது நாக்கு வரைக்கும் வந்தது. வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காததைப் பார்த்தாள் என்று ஏன் சொன்னீர்கள் உம்மா? உங்களை யார் சொல்லச் சொன்னது?

“குளிப்பாட்டணும்,” என்றாள். யாரிடம் என்று இல்லாமல். உள்ளே போய்ச் சேலையை இழுத்து மூடினாள்.

மாமி எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். உம்மாவின் நகங்களைக் காட்டினாள். ஆஸியா தென்னங்குச்சியால் நக இடுக்குகளைச் சுத்தம் செய்தாள். குதிரையின் மேல் படிந்திருக்கும் அந்த எண்ணெய்ப் பிசுக்கான அழுக்கு. சோப்புக்குப் போகாதது. வேகமாகச் சுரண்டினாள். சுண்டுவிரலில் குச்சி ஒடிந்தது. இன்னொன்று எடுத்தாள்.

பிஸ்மி சொல்லி மாமி வலப்பக்கத்திலிருந்து ஊற்றத் தொடங்கினாள். மறைப்புத் துணி நனைந்து உடம்போடு ஒட்டியது. பிறகு இடது பக்கம்.

“கையைத் தூக்கிப் பிடி.”

ஆஸியா தூக்கினாள். கனமாக இருந்தது. விரல்கள் அவள் மணிக்கட்டின் மேல் கவிழ்ந்தன. பிளாஸ்திரி இருந்த இடம் சதுரமாக, வெளுப்பாக இருந்தது. பிரகாசமான டியூப்லைட் வெளிச்சத்தில் அதை நன்றாகப் பார்க்க முடிந்தது. தோளில், முதுகில், எங்கேயும் ஒரு காயமில்லை. ஒரு கன்றல் இல்லை. எந்தக் குதிரையும் இழுத்திருக்கவில்லை.

“இறுக்கிப் பிடிக்காதட்டி,” என்றாள் மாமி.

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. மாமி அந்தக் கையைச் சுற்றியே ஊற்றினாள்.

மூன்றாம் தடவை சூடம் கலந்த தண்ணீர். மோரியின் ஓட்டை வழியே அது கடகடவென்று வெளியே இறங்கியது.

“தண்ணி சந்துல போவுது. நிக்கிறவங்களை ஒதுங்கச் சொல்லு,” என்றாள் மாமி.

ஆஸியா சேலையை ஒரு சாண் விலக்கினாள். யாரும் சொல்லாமலே பெண்கள் எழுந்து எதிர்ப் படிகளில் ஏறி நின்றிருந்தார்கள். ஸ்மிதா மட்டும் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில், உள்ளங்கை மேலாக. சாக்கடையின் விளிம்பு தாண்டி வந்த தண்ணீர் அவளுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைச் சுற்றிக்கொண்டு போனது. துணி ஊறிக் கறுத்தது. அவள் காலை எடுக்கவில்லை.

“சொல்லிட்டியா?” என்றாள் மாமி உள்ளிருந்து.

ஆஸியா சேலையைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.