ஆர்ச்சர்ட் தெருவின் நடுவே ஒரு கோடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. குளிர் உள்ளே வருகிறது, அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள். இன்றைக்கு ஒரு கோட்டின் கதை சொல்கிறேன். காகிதத்தில் போட்ட கோடுதான்; ஆனால் இரண்டு சிநேகிதிகளை எதிரும் புதிருமாக நிறுத்திய கோடு.

ஏரிக்கரைப் பட்டணத்துக்கு வெளியே எங்கள் புறநகர், எல்ம்ஹேவன். வாஷிங்டனில் கூடும் காங்கிரஸ் சபைக்கு எங்கள் தொகுதியில் முதலில் பெரிய பிரெண்டிஸ் ஜெயித்தார். அவர் கண்ணை மூடியதும் மகன் ஹார்லன் பிரெண்டிஸ். குடும்பம் மாறவே இல்லை, தொகுதிதான் மாறிக்கொண்டே இருந்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்த கையோடு மாநிலத் தலைநகரில் அவர்களுக்கு வேண்டியவர்கள் எல்லையைத் திருத்துவார்கள். முதலில் ரொட்டித் துண்டு மாதிரி சதுரமாக இருந்தது. பிறகு பூட்ஸ் மாதிரி நீண்டது. அதன் குதிகாலில் இருந்த எஃகு ஆலைக் குடியிருப்பு பிரெண்டிஸுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அடுத்த வரைபடத்தில் பூட்ஸின் குதிகாலைக் காணவில்லை.

இந்தத் தடவை கோடு நெடுஞ்சாலையோடு ஒழுங்காக வந்தது. ஆர்ச்சர்ட் தெருவில் மட்டும் சட்டென்று உள்ளே வளைந்து, லுவான் கோஸ்ட்காவின் வீட்டையும் அக்கம்பக்கத்து நாலைந்து வீடுகளையும் வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நெடுஞ்சாலைக்கே போய்விட்டது.

லுவான் பள்ளி வாரியத் தலைவி. ஹார்லனை எதிர்த்து நிற்கப் போகிறாள் என்பது ஊருக்குத் தெரியாது. அவளுடைய கட்சிக் கமிட்டித் தலைவர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெளியில இருந்து நிக்கக்கூடாதுன்னு சட்டம் இல்லம்மா. ஆனா வெளியூர்க்காரின்னு ஹார்லன் ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். உள்ள ஒரு வீட்ட பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலைன்னா வேற ஆள்தான்."

அவள் விஷயத்தைச் சொன்னது இரண்டே பேரிடம். ஒருவர் கணவர் வால்டர். இன்னொருத்தி எதிர்வீட்டு ஜெனிவீவ். எதிர்வீடு பத்திரமாகத் தொகுதிக்குள்ளேயே இருந்தது.

அதுதான் லுவானைக் குடைந்தது. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. பிரெண்டிஸ் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து ஜெனிவீவின் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறதே, ஏன்? (எல்லார் வீட்டுக்கும்தான் வந்தது, லுவான் கிழித்துப் போட்டிருந்தாள்.) பிரெண்டிஸின் ஆள் தபால் பெட்டியருகே நின்று ஜெனிவீவிடம் சிரித்துப் பேசினானே, என்ன பேச்சு? காலையில் ஜெனிவீவ் கையசைத்தால் லுவான் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். ஜெனிவீவ் மக்ரோனி கொடுத்தனுப்பிய கண்ணாடிப் பாத்திரத்தை லுவான் கழுவாமலே எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

வியாழக்கிழமை ஜெனிவீவ் அந்தப் பாத்திரத்தோடு நேரே லுவானின் சமையலறைக்குள் வந்தாள்.

"ஏண்டி, இது என்ன? உன் வீட்ல தண்ணி வரலையா?"

"ஹார்லன்கிட்ட கேளு. அவன்தான உனக்கு எல்லாம் சொல்றான். இல்ல, நீதான் அவனுக்குச் சொல்றியா?"

"என்னத்தடி சொன்னேன்?"

"நான் நிக்கப்போறத. உன் வீடு உள்ள, என் வீடு வெளிய. கோடு என்ன தானா வளைஞ்சுதா?"

ஜெனிவீவ் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தாள். "இருபது வருஷமா என் காபியக் குடிச்சிட்டு என்னையவே சந்தேகப்படுறியே, நல்லா இருப்படி!"

அப்போதுதான் வால்டர் முடி வெட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பிடரியெல்லாம் பவுடர். லுவான் அந்தப் பவுடரையே பார்த்தாள்.

"வால்டர், உன் பார்பர் வேற யாருக்கெல்லாம் வெட்டுறான்?"

"எல்லாருக்கும்தான். ஹார்லன் ஆபீஸ் பையனுக்குக்கூட..." பாதியிலேயே அவர் முகம் வெளுத்தது. "சும்மா பெருமைக்குச் சொன்னேன், லுவான். என் பொண்டாட்டி வாஷிங்டன் போகப்போறான்னு. போன கோடைல, ஒரே ஒரு வாட்டி."

"ஒரு வாட்டிதான் சொன்னாராம்!" என்றாள் ஜெனிவீவ். "வெட்டின முடியோட சேத்து அதையும் ஊர் பூரா பெருக்கி விட்டிருப்பான் அந்தப் பார்பர்."

லுவானால் ஜெனிவீவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒட்டியிருந்த மக்ரோனி லேசில் வருவதாக இல்லை.

"போதும், கண்ணாடி தேஞ்சிடும்" என்றாள் ஜெனிவீவ். "பின்னறை காலியாத்தான் கெடக்கு. பெட்டியக் கட்டு. நாளைக்குத்தான வெள்ளிக்கிழம?"

மறுநாள் காலை லுவான் பெட்டியோடு தெருவைக் கடந்தாள். வால்டரும் கூடவே தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஜெனிவீவ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்: "நீங்க அங்கயே இருங்க. ரகசியம் தங்குற வீடு இது."

நவம்பரில் லுவான் மயிரிழையில் ஜெயித்தாள். பிரெண்டிஸ் அல்லாத ஒரு பெயர் அந்தத் தொகுதிக்கு வந்தது. வால்டரால்தான் தன் மனைவிக்கு ஓட்டுப் போட முடியவில்லை. அவர் கோட்டுக்கு வெளியே. புல்தரையில் நாற்காலி போட்டு, எதிர்வீட்டில் பெண்கள் கூடிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை பார்பரிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே யாரும் கோடு கிழிக்காதிருக்கட்டும். கிழித்தாலும் எதிர்வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறை திறந்தே இருக்கட்டும்.