வாயை மூடு, காலை அமுக்கு

சாலைக் கடைத்தெருவில் வேலாயுதனைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அந்த வருஷம் கிடையாது. சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறு என்ன வேலை? ஆனால் அந்த மனுஷன் பட்ட பாட்டில் கால்வாசிகூட அவர்களில் ஒருத்தரும் பட்டிருக்கமாட்டார்கள். அதை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் சொல்லிப் போவது நியாயமில்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினாலாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1939. அரிசி மொத்த வியாபாரி பகவதிப்பெருமாள் பிள்ளை ஒரு லாரி வாங்கினார். அதுவரை அவருடைய மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனது வேலாயுதன்தான். நாற்பது வயது, மீசை நரைக்கத் தொடங்கியாயிற்று, மாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. லாரி வந்து நின்ற அன்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய் அதன் என்ஜின் முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தான். பாரம் இழுத்து வந்த காளையின் முதுகு மாதிரி சுட்டது. கையை எடுக்க மனசே வரவில்லை. ஆசை என்றால் ஆசை, அப்படி ஓர் ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது.

"மொதலாளி, இத நான் ஓட்டட்டா?"

பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி.

"லைசென்ஸ் எடுத்துட்டு வா, ஓட்டு. ஓணம் வரைக்கும் யோசுவா ஓட்டுவான். அதுக்குள்ள உனக்குக் கிட்டல்லேன்னா நாகர்கோவில்லேருந்து ஒரு டிரைவரக் கொண்டாந்திருவேன். வண்டியையும் மாட்டையும் எப்பிடியும் விக்கத்தான் போறேன், கேட்டியா?"

லாரியும் கிடைக்காமல் வண்டியும் போய்விட்டால் வேலாயுதன் முதுகில் மூட்டை சுமக்கத்தான் போகவேண்டும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

யோசுவா மார்த்தாண்டத்துக்காரன். பஸ் ஓட்டும் வேலை ஒன்று அவனுக்காகக் காத்திருந்ததால் இந்த லாரியின்மேல் அவனுக்குக் கண்ணில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் ஆராதனை முடிந்து வந்து வேலாயுதனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கிளச்சு வந்தது, கியர் வந்தது, வளைத்துத் திருப்புவதும் வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. குறுக்கே ஏதாவது பாய்ந்தால் வேலாயுதனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கைக் கயிறு மாதிரி நெஞ்சுக்கு இழுக்கும், வாய் மாட்டை நிறுத்துகிற மாதிரி "ஹோ" என்று அலறும், கால் மட்டும் சும்மா கிடக்கும். லாரிக்குக் காதா இருக்கிறது, அது பாட்டுக்குப் போகும்.

முதல் சோதனையில் அட்டக்குளங்கரையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. "ஹோ" என்றான். பக்கத்திலிருந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் வெங்கடேஸ்வரன் கைப்பிரேக்கை இழுத்து ஆட்டைக் காப்பாற்றினார். அவர் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"ஏம்ப்பா, லாரியோட பேசிண்டிருக்கியா? அதுக்குப் பாஷை தெரியாது. வாயை மூடு, காலை அமுக்கு."

இரண்டாம் சோதனையில் குடையும் கையுமாக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குறுக்கே வந்தார். வேலாயுதன் போட்ட "ஹோ"வில் வாத்தியார் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். லாரிதான் நிற்கவில்லை. மறுபடியும் கைப்பிரேக்கு, மறுபடியும் "காலை அமுக்கு".

இதைக் கேட்ட பிறகு சாலைக் கடைத்தெரு சும்மா இருக்குமா? காய்கறிக் கடை முத்தாரம்மாள்தான் ஆரம்பித்து வைத்தாள். வேலாயுதனின் வண்டி அவள் கடையைத் தாண்டும்போது "ஹோ" என்று ஒரு குரல் கொடுப்பாள். பிறகு ஜவுளிக்கடை, இரும்புக்கடை, தெருவே கொடுக்கும். மாடுகள் ஒவ்வொரு கடைக்கும் நின்று நின்று போகும், அவனுக்கு மானமும் போகும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

"எனக்கு வராது, சரசு. காலுக்குச் சொன்னாலும் இந்த வாய் முந்திக்கிடுது."

அவன் பெண்சாதி சரசம்மா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். "குத்தம் பூரா வாய்க்குத்தானே? அப்பம் வாய்க்கு வேற ஒரு வேல குடுப்போம். எந்திரிங்க."

உரலை முற்றத்துக்கு உருட்டி வந்து அதன்மேல் அவனை உட்கார வைத்தாள். கையில் அரிசி புடைக்கும் பழைய சுளகைக் கொடுத்தாள், அதுதான் ஸ்டியரிங். காலடியில் இரண்டு செங்கல், இடது கிளச்சு, வலது பிரேக்கு. "ஒரு வாய் வெள்ளம் வச்சுக்கிடுங்க. துப்பப்பிடாது." அவன் சுளகைத் திருப்பிக்கொண்டிருக்கையில் எதிர்பாராமல் கோழிக்கூடையைத் திறந்துவிடுவாள். கோழி பாயும், "ஹோ" வரும், வாய்த் தண்ணீர் முழுக்கச் சரசம்மாவின் முகத்தில் தெறிக்கும். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் செம்பை நீட்டுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாளாக நாளாகத் தண்ணீர் வாயிலேயே நின்றது. அந்தத் தைரியத்தில் மூன்றாம் சோதனைக்கும் வாயில் தண்ணீரோடேயே போனான், மடையன். இன்ஸ்பெக்டர் பேரைக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினான். கரமனை போகும் வழியில் ஒரு நாய் பாய்ந்தது. செங்கல் வேறு, லாரி வேறு இல்லையா? கால் திகைத்தது, வாய் திறந்தது, வெங்கடேஸ்வரனின் தலைப்பாகையிலிருந்து கோட்டுப் பொத்தான் வரை நனைந்துபோயிற்று.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓணத்துக்கு முன்னால ஒரே ஒரு தடவை வா. வாயில ஜலம் இல்லாம வரணும். அதோட சரி, அப்பறம் என்கிட்ட வராதே."

யோசுவாவே கையை விரித்துவிட்டான். "விட்ருங்க அண்ணாச்சி. எல்லார்க்கும் எல்லாம் வராது."

"வரணும்" என்றான் வேலாயுதன். அவ்வளவுதான் சொன்னான். அதற்குப்பிறகு சோறு தின்னும்போதும் கால் அமுக்கும். குளிக்கும்போது படிக்கல்லில் அமுக்குவான். பாயில் படுத்துத் தூக்கத்தில் உதைப்பான், சரசம்மா தள்ளிப் படுத்துக்கொள்வாள். தண்ணீரை விட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு பழகினான். உதடு வெடித்தது. வலது செங்கல் இரண்டாகப் பிளந்தது, வேறொன்று கொண்டுவந்து போட்டான்.

சோதனைக்குச் சில நாள் முன்னால், நல்ல சந்தை நெரிசலில், மூட்டை ஏற்றிய வண்டியோடு சாலைக்குள் வந்துகொண்டிருந்தான். மழை பெய்து தெரு சேறாக இருந்தது. சந்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு குறுக்கே வந்தது.

வேலாயுதன் வாயைத் திறக்கவில்லை. கயிற்றையும் இழுக்கவில்லை. வலது காலால் வண்டியின் ஏர்க்காலை ஓங்கி மிதித்தான்.

யாரும் நிற்கச் சொல்லாதபோது மாடுகள் ஏன் நிற்கும்? நெரிசலில் மிரண்டு ஒதுங்கி அவை பாட்டுக்குப் போயின. கன்றுக்குட்டி தன் சாமர்த்தியத்தால் தப்பித்துக்கொண்டது. சக்கரம் மட்டும் முத்தாரம்மாளின் பூசணிக் குவியல்மேல் ஏறி, குவியல் சிதறி, இரண்டு மூட்டை சரிந்து தெருவில் அரிசி கொட்டியது.

"மாட்டுக்கு ஹோ சொல்லமாட்டீரா வேய்? லாரிக்கு மாத்திரந்தான் சொல்லுவீரா?" என்று முத்தாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளை கடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "மாடும் உன் கையவிட்டுப் போச்சாலே? உன்னிட்ட லாரியத் தந்தா கடைய இடிச்சுப்போடுவே. சோதனைக்கு லாரி கெடையாது. இத்தோட மதி."

வேலாயுதன் வண்டியிலிருந்து குதித்தான்.

"மொதலாளி, கன்னுக்குட்டி குறுக்க பாஞ்சுது. நான் சத்தம் போட்டேனா?"

"போடல்ல. அதனாலதானே இந்த நாசம்."

"கயித்த இழுத்தேனா?"

"அதுவும் இல்ல."

"பின்னே என்ன செஞ்சேன்னு இஞ்ச பாருங்க."

ஏர்க்காலில் அவனுடைய வலது பாதம், ஐந்து விரலும் தெரிய, சேற்றில் பதிந்திருந்தது. பிள்ளை அதைப் பார்த்தார். உடைந்த பூசணிகளைப் பார்த்தார். மறுபடியும் பாதத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம லாரிய எடுத்துட்டுப் போ" என்றார். "அதுவர நீ மாட்டுப் பக்கம் போவாதே."

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு பழைய துண்டால் கோட்டை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வேலாயுதனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பச் சொன்னார். கிள்ளிப்பாலம் இறக்கத்தில் ஒரு சந்திலிருந்து சைக்கிள்காரன் ஒருவன் மணியடிக்காமல் குறுக்கே பாய்ந்தான்.

கால் போய் அமுக்கியது. லாரி நின்றது. வெங்கடேஸ்வரன் துண்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி "ஹோ"வுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அவர் துண்டை மெல்ல இறக்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும், திருப்பு. ஆபீஸுக்கு வந்து லைசென்ஸை வாங்கிக்கோ. இப்ப பேசலாம் நீ."

"ஏமானே" என்றான் வேலாயுதன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதான்.

மறுநாள் முதல் பாரத்தோடு சாலைக்குள் நுழைந்தான். பிள்ளையின் கடைவாசலில் சரசம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். முத்தாரம்மாள் இடுப்பில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தெருநடுவில் வந்து நின்றாள். லாரி அவளுக்கு இரண்டு முழம் முன்னால் சத்தமில்லாமல் நின்றது.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டுக் கையை உயர்த்தி, "ஹோ" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஜவுளிக்கடை கொடுத்தது, இரும்புக்கடை கொடுத்தது, பிள்ளையும் கொடுத்தார், தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். கேலியா என்றால் கேலிதான், ஆனால் சரசம்மா அதைக் கேட்டு அழுதாள்.

அந்தச் சத்தத்துக்குச் சாலையிலிருந்த வண்டிமாடுகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. வேலாயுதன் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, காலை மெல்ல எடுத்து, அவற்றுக்கு நடுவே லாரியை ஓட்டிக்கொண்டு போனான்.