மேளக்காரரின் கால்

மில்ஹிமுக்கு மேளம் அடிக்கவும் தெரியும், வாயடிக்கவும் தெரியும். பெக்கா சமவெளியில் தன் மேளம் இல்லாமல் ஒரு கல்யாணமும் ஒப்பேறாது என்று அவரே சொல்லிக்கொள்வார். கேட்க ஆள் கிடைக்காத நாட்களில் மனைவி விதாதிடம் சொல்வார். கைகோத்து மிதித்து ஆடும் தப்கே வரிசையில் எவன் காலாவது பிசகினால் போதும், "காதை எங்கடா அடகு வச்ச? மேளத்தைக் கேட்டு மிதிடா!" என்று சபையில் வைத்தே மானத்தை வாங்கிவிடுவார்.

பக்கத்து ஊரில் ஷிப்லி என்று இன்னொரு மேளக்காரன், வயதில் சின்னவன். "அவன் அடிக்கிறத நிறுத்துனாத்தான் கேக்க நல்லாருக்கும்" என்று முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து மில்ஹிம் சொன்னார். முகத்து நுரையைத் துடைப்பதற்குள் அது ஷிப்லியின் காதுக்குப் போய்விட்டது.

இப்போது மகள் நஜ்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மலைக்காரர்கள், தப்கே என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவர்களுக்கு. அவர்கள் பேசி வைத்த மேளம் ஷிப்லி. பெண்ணின் அப்பா மேளத்தைத் தொடக்கூடாது. மகள் கையைப் பிடித்து, வரிசைக்கு முதல் ஆளாகக் கைக்குட்டை சுழற்றி ஆட வேண்டும். அதில் சொதப்பினால், பேரன் பிறந்த பிறகும் சம்பந்தி வீட்டில் நஜ்லாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மீசை முளைத்த நாள் முதல் வயிற்றில் மேளத்தைச் சுமந்த மனிதர் ஒரு நாளும் ஆடியதில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு மிதித்துப் பார்த்தார்.

"என்னங்க, கரப்பான்பூச்சியா?" என்று விதாத் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, செத்துருச்சு, போ."

தப்கேயில் மேளம் நாலு தட்டுக்கு ஒரு சுற்று, கால் ஆறு தட்டுக்கு ஒரு சுற்று. ஆடுகிறவர்கள் அதையெல்லாம் எண்ணுவதில்லை. கால் தன் பாட்டுக்குப் போய் மேளத்தோடு எங்கேயோ சேர்ந்துகொள்ளும். மில்ஹிமின் கால்களோ மேளத்துக்கு வாழ்க்கைப்பட்டவை. தடித்த கோல் விழும் இடத்தில்தான் மிதிப்போம் என்று அடம்பிடித்தன.

கல்யாணத்தன்றும் அதே கதைதான். எல்லோரும் காலை வீசும்போது அவர் மிதித்தார், மிதிக்கும்போது வீசினார். வரிசைத் தலைவரான அவர் காலைப் பார்த்துப் பாதிப் பேர், தங்கள் காலை நம்பிப் பாதிப் பேர் என்று வரிசை பிய்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்து ஆளின் சுண்டுவிரலை நசுக்கினார். சம்பந்தியம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, மேளத்தைக் கேக்காதீங்க" என்றாள் நஜ்லா, ஊருக்குச் சிரித்த முகத்தைக் காட்டியபடி.

"வேற எதக் கேக்கச் சொல்ற?"

"என் கால."

காது மேளத்தை விட்டால்தானே! தன் மானம் போனால் போகட்டும் என்றுகூட இருந்தது மில்ஹிமுக்கு. ஆனால் மகள் இன்னும் ஊருக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஷிப்லி மேளத்தோடு அவர் முன்னால் வந்து நின்றான். வரிசைத் தலைவனிடம் மேளக்காரன் வருவது வழக்கம்தான். அவன் இடத்தில் தானாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று மில்ஹிமுக்குத் தெரியும்: அடியை விரட்டி, ஆளைக் குப்புற விழ வைத்திருப்பார். எத்தனை பேரை அப்படி விழ வைத்திருக்கிறார்!

ஷிப்லி அவர் கால்களைப் பார்த்தான். தடித்த கோலை ஓங்கினான். ஓங்கிய கோலை இறக்கவே இல்லை.

ஷிப்லியோடு வந்தவனின் இரட்டைக்குழல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. பிடித்துத் தொங்க மேளம் இல்லாமல் மில்ஹிமின் கால்கள் திகைத்தன. அப்போதுதான் மண்ணில் விழும் காலடிகள் அவருக்குக் கேட்டன, பக்கத்தில் நஜ்லாவின் கால் எல்லாவற்றுக்கும் முன்னால். அவர் கால் அதன் பின்னாலேயே போனது. ஒரு சுற்று தடுமாறியது. அடுத்த சுற்றில் வரிசை மொத்தமும் ஒரே மிதியாக மிதித்தது. மலைக்காரர்கள் சீட்டியடித்தார்கள். நஜ்லா இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தாள்.

கோலைத் தூக்கிப் பிடித்தபடியே பின்னால் நடந்துகொண்டிருந்த ஷிப்லி கேட்டான்: "எப்படி மில்ஹிம் அண்ணே, இப்பக் கேக்க நல்லாருக்கா?"

மில்ஹிமுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டை சுழன்றுகொண்டிருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

"நல்லாருக்குடா. அன்னைக்குக் கடையில என் பேரையும் சேத்தே சொல்லியிருக்கணும்."