நாலாம் சுற்று

மழை என்னை மடுல்சீமையில் மாட்டிவைத்து ஐந்து நாளாகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து அணைக்குளத்தை அளந்து அறிக்கை எழுதிவிட்டு வா, இரண்டு நாள் வேலை என்றுதான் பதுளை அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். வந்த மறுநாளே பசறைப் பாதை சரிந்தது. தந்திக் கம்பியும் அறுந்தது. ஐம்பத்தேழு மார்கழியில் அந்த மலையில் அகப்பட்டவன் எவனும் அந்த மழையை மறக்கமாட்டான்.

குளம் மேலே. அதற்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். வரிசையாகப் பன்னிரண்டு அறை, காம்பரா என்பார்கள்; நாற்பத்துமூன்று சீவன். குளக்கட்டு வெறும் மண். மேலால் இரண்டு விரல் நீர் ஓடினாலே அறுத்துக்கொண்டு போய்விடும். மதகோ சேறடைத்துக் கிடந்தது. மலைச்சரிவெல்லாம் இளகியிருந்ததால் வெளியே நிற்கவும் வழியில்லை. மேட்டில் கூரையுள்ள ஒரே இடம் தொழிற்சாலை மாடி, கொழுந்து வாட்டுகிற இடம். அதைத் தோட்டத்தை நடத்தும் துரை பூட்டி வைத்திருந்தார். சேற்றுக் கால் கொழுந்தை மிதித்துவிடுமாம்!

"கொளம் ஒடையும்னு கணக்கு காட்டு, தொறக்கிறேன்" என்றார். துரைக்குத் தமிழ் வரும், அதட்டுவதற்கு மட்டும்.

காலை பத்து மணிக்கு நீர்மட்டத்தை அளந்துகொண்டு உட்கார்ந்தேன். மலையில் பெய்தது இறங்கிக் குளத்தைச் சேர ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆகவே நாலு மணிவரை வரப்போகிற நீர் என் மழைமானிக் குறிப்பிலேயே இருந்தது. சிக்கல் வேறு. நீர் ஏற ஏற, மிகுநீர் வழியும் வான்வழியே வெளியேறுவதும் கூடும், அப்போது ஏறும் வேகம் மாறும். மட்டம் தெரியாமல் வேகம் தெரியாது, வேகம் தெரியாமல் மட்டம் தெரியாது. மணிக்கு மணி ஏறிப்போனால் நாலு மணிக்கு என்ன ஆகும் என்பது கடைசியில்தான் தெரியவரும்.

அதனால் ஆறு மணி நேரத்தையும் ஒரே கட்டாக எடுத்தேன். ஆறு மட்டங்களையும் முதலில் குத்துமதிப்பாக வைப்பது. பிறகு ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தி, ஆறையும் சேர்த்தே திருத்துவது. எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப அதையே செய்வது. விடை முதற்சுற்றிலேயே வந்துவிடும், ஆனால் அது இன்னும் வேகாத விடை. கைப்பிடி சுழற்றுகிற அந்தக் கோதாரி விழுந்த கணக்கு மெஷினில் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

பதினொன்றுக்கு முதற்சுற்று முடிந்தது: நாலு மணிக்கு நீர் கட்டு விளிம்புக்கு ஆறு அங்குலம் கீழே. துரை வாசலில் நின்று கடதாசியை நீட்டினார். இது முடிந்த கணக்கல்ல என்று சொல்ல எனக்கு வாயில்லையா? இருந்தது. ஐந்து நாளாக அவர் சோற்றைத் தின்ற வாய். "ஆபத்தில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன், மடையன்!

இரண்டாம் சுற்றில் நீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. மூன்றாம் சுற்றில் இரண்டு அங்குலம் மேலே. நாலாம் சுற்றையும் போட்டேன். அதே இரண்டு அங்குலம், எண்கள் அசையவில்லை. மூன்றரைக்கெல்லாம் நீர் கட்டைத் தாண்டும். அப்போது மணி இரண்டு.

துரையிடம் ஓடினேன். அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "கையெழுத்து போட்ட கணக்கு இங்க இருக்கு. நீ மணிக்கொரு கணக்கு சொல்லுவே, நான் மணிக்கொரு பூட்டு தொறக்கணுமா?"

ஆப்பிழுத்த குரங்கானேன். நாற்பத்துமூன்று சாவுக்கும் என் கையெழுத்தே அவருக்குப் பதில் சொல்லும். கையெழுத்துப் போட்டவனும் அங்கேயே செத்தால் யார் பதில் சொல்வது? இதை நினைத்ததும் லயத்தை நோக்கி இறங்கினேன்.

வழியில் கங்காணி வீரபத்திரன் மறித்தார். "ஐயா, ஒடையுங்கிறீங்க, அப்புறம் அதுக்கு அடியிலேயே போறீங்களே!"

"ஓம், போறன். நீங்க துரையிட்ட ஓடுங்கோ. அரசாங்க உத்தியோகத்தன் அஞ்சாம் காம்பராவில இருக்கிறான், மூண்டரைக்குக் குளம் உடையும், கதவு திறக்கும்வரை எழும்பமாட்டான் எண்டு சொல்லுங்கோ."

அஞ்சாம் காம்பரா இராசமணியுடையது. பிள்ளை பெற்று ஏழு நாள். என்னைக் கண்டதும் பதறிச் சாக்கை விரித்தாள். சுவரில் நீர் வழிந்தது. உண்மையைச் சொல்வதானால், பயந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்தேன்.

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம். "தொறந்தாச்சு! ஏறுங்க, ஏறுங்க!" வீரபத்திரனின் குரல் மேட்டிலிருந்து கேட்டது.

நாற்பத்துமூன்று பேரும் நானும் கொழுந்தை மிதித்துக்கொண்டுதான் நின்றோம். மூன்றே முக்காலுக்குக் கட்டு அறுந்தது. சன்னலருகே நின்ற துரை அதைப் பார்த்தார். நான் எழுதிய கடதாசியை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

லயத்தில் மிஞ்சியது இரண்டு சுவர். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இராசமணி என் பக்கம் திரும்பினாள். "காலையில ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே, மெய்யாங்க?"

"ஓம் அம்மா. நான்தான் எழுதினனான்."

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு கொழுந்தைக் கையால் ஒதுக்கி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. காலு நடுங்குது பாருங்க."